அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் சிறுவயதிலிருந்தே எப்படிச் சொத்து சேர்த்தார்?

அப்பா பங்குத் தரகர், வீட்டில் ஓரளவு வசதி இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முதலீட்டுக்கான காசை பஃபெட்டே சம்பாதித்தார். வீடு வீடாகச் சூயிங்கம், கோகோ கோலா விற்றார், செய்தித்தாள் போட்டார். 1942-இல், 11 வயதில், சிட்டீஸ் சர்வீஸ் என்ற நிறுவனத்தின் பங்குகள் மூன்று வாங்கினார். பங்கு ஒன்று சுமார் 38 டாலருக்கு வாங்கியது 27-க்கு இறங்கியது. பயந்துபோய், 40-ஐத் தொட்டதும் விற்றுவிட்டார். அப்புறம் அது 200-ஐத் தாண்டியது!

பள்ளிப் பருவத்திலேயே நண்பனோடு சேர்ந்து காசு போட்டு விளையாடும் பழைய பின்பால் இயந்திரம் ஒன்றை வாங்கி முடிதிருத்தும் கடையில் வைத்தார். அதில் வந்த காசில் அடுத்தடுத்த இயந்திரங்கள். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதலீட்டு வல்லுநர் பெஞ்சமின் கிரஹாமிடம் படிப்பு, 1956-இல் கூட்டு முதலீடு, 1965-இல் அவர் கைக்கு வந்த நிறுவனமான பெர்க்‌ஷயர் ஹாத்வே. இவ்வளவு சீக்கிரம் தொடங்கியும், சொத்தில் பெரும்பகுதி 60 வயதுக்குப் பிறகுதான் சேர்ந்தது.