வாய் திறக்காத பழக்கம்

வணக்கம் ஐயா,

எனக்கு வயது 24. சேலம் அம்மாபேட்டை. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டும் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தேன். காலை நாலரைக்கு எழுப்புவார்கள், படுக்க இரவு பதினொன்று ஆகும். ‘இந்த ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ, அப்புறம் ஆயுசுக்கும் நிம்மதி’ என்பார் அப்பா. இன்ஜினியரிங் முடித்து, இப்போது சேலம் ஐந்து ரோடு பகுதியில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் வேலை. தினமும் காலை எட்டரைக்கு மேலாளர் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு டார்கெட் கேட்பார். போன் அடித்தாலே வயிறு பிசைகிறது. விடுதியில் மாதத் தேர்வன்று வந்த அதே வலி. அவ்வளவையும் தாங்கிப் பழகியவனுக்கு இதெல்லாம் சாதாரணமாக இருக்க வேண்டாமா? எங்கள் தலைமுறையே பலவீனமானதா? தியானம் கற்றுக்கொள்ளலாமா, வேலையை விட்டுவிடலாமா? தங்கை பத்தாவது படிக்கிறாள். அவளையும் அதே பள்ளியில் சேர்க்க வீட்டில் பேச்சு நடக்கிறது. என்ன செய்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வேலைக்குப் போகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முகத்தில் களையே இல்லை. கேட்டால் “ஒண்ணுமில்ல மாமா” என்கிறார்கள்.

தலைமுறையே பலவீனம் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. யாரோ சொன்னதை வாங்கி உங்கள் வாயால் திருப்பிச் சொல்கிறீர்கள். உங்கள் வயதை வைத்துக் கணக்குப் போட்டால், 2018-இல் பிளஸ் ஒன்னுக்கு முதன்முதலாகப் பொதுத்தேர்வு வந்தபோது அதை எழுதிய பிள்ளைகளில் நீங்களும் ஒருவர். 2020-இல் கல்லூரியைப் பூட்டியபோது செல்போன் திரையில் பாடம் படித்திருப்பீர்கள். உங்களைப் பலவீனன் என்று சொல்ல ஒருவருக்கும் தகுதி இல்லை, உங்களுக்கும்தான்.

தியானம் பழகுங்கள், நல்லதுதான். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை.

அப்பா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் மார்க் சீரியும் அவருடைய சகாக்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கையில் ஓரளவு துன்பம் பார்த்தவர்கள், துன்பமே பார்க்காதவர்களைவிடவும் அளவுக்கு மீறிப் பார்த்தவர்களைவிடவும் நல்ல மனநிலையில் இருந்தார்கள். நம் விவசாயிகள் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும் என்பார்கள். நிலம் காய வேண்டும், பிறகு தண்ணீரும் பாய வேண்டும். உங்கள் விடுதியில் இரண்டு வருடமும் காய்ச்சல்தான், ஒரு மடை தண்ணீர் விடவில்லை. பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது, தூக்கம் இயல்பாகவே தாமதமாக வரும். அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பெரிய வகுப்புகளைக் காலை 8.30-க்கு முன் தொடங்காதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2014-இலேயே சொல்லிவிட்டது. இங்கே நாலரைக்கு மணி அடித்து அதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

சரி, தூக்கத்தை விடுங்கள். நான் சொல்ல வந்தது வேறு.

ராபர்ட் கராசெக் என்ற சமூகவியலாளர் அமெரிக்க, ஸ்வீடன் தொழிலாளர்களின் தரவுகளை வைத்து 1979-இல் ஒரு கட்டுரை எழுதினார். வேலைப் பளு மட்டும் ஆளைச் சாய்ப்பதில்லை. பளுவும் அதிகம், அந்த வேலையில் தன் இஷ்டத்துக்குச் செய்ய வழியும் இல்லை என்கிற இடத்தில்தான் மனிதன் உடைகிறான் என்பது அதன் சாரம். லண்டன் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஒயிட்ஹால் ஆய்வுகளிலும் இதே கதைதான். பெரிய பொறுப்பைச் சுமந்த அதிகாரிகளைவிட, சொன்னதைச் செய்ய வேண்டிய கீழ்நிலை ஊழியர்களுக்குத்தான் இதய நோய் அதிகம். வேலை தன் கையில் இல்லை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இப்போது உங்கள் விடுதியை நினைத்துப் பாருங்கள். எப்போது எழுவது, எங்கே உட்காருவது, எந்தப் பாடத்தை எந்த மணி நேரத்தில் படிப்பது, எதையாவது நீங்கள் தீர்மானித்தீர்களா? ‘சார், எனக்கு இது புரியலை, நாளைக்கு எழுதறேன்’ என்று ஒரு நாளாவது சொல்ல முடிந்ததா?

என் முதல் வேலை ஏற்காடு மலையில், நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில். என்னோடு இன்னொரு பையனும் உதவிக் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்தான். உங்களைப் போலவே விடுதியில் படித்தவன், நல்ல மார்க். செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் அவன் எழுதிய எண்கள் அச்சடித்த மாதிரி இருக்கும். பழம் பறிக்கும் பருவம், மார்கழிக் குளிர். ஒரு சாயங்காலம் எடை போடும் இடத்தில் கண்டக்டர், அதாவது எஸ்டேட் மேற்பார்வையாளர், வந்து, மேல்காட்டுக் கணக்கு எங்கே என்று கத்தினார். மேல்காட்டுப் பெண்கள் அப்போதுதான் சாக்குகளோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள், இன்னும் எடையே போடவில்லை. அதைச் சொன்னால் முடிந்தது, ஒரே வாக்கியம். அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றான். கட்டைவிரல் மட்டும் இன்னொரு கையின் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. நியாயம் முழுக்க அவன் பக்கம் இருந்தும் வாயைத் திறக்கவில்லை. அன்றிரவு வயிற்றுவலி என்று சாப்பிடாமல் படுத்துவிட்டான். பருவம் முடிவதற்குள் வேலையை விட்டு மலையிறங்கிப் போய்விட்டான்.

அதே எஸ்டேட்டில் பழத்தின் தோலுரிக்கும் பல்பர் ஹவுஸில் எட்டாவதோடு பள்ளியை விட்ட ஒரு பையன் இருந்தான். பதினான்கு வயதிலிருந்து உழைப்புதான், இவனைவிடக் கஷ்டம் பார்த்தவன். கண்டக்டர் சத்தம் போட்டால், “தண்ணி பத்தலைங்க, இன்னைக்கு ஆகாதுங்க, நாளைக்குக் காலைல முடிச்சிடறேன்” என்பான். அவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவார். படிப்பை விட்டுவிட்டுக் கூலிக்குப் போவது நல்லது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது அநியாயம். ஆனால் முடியாததை முடியாது என்று சொல்ல அவனை யாரும் தடுத்ததில்லை. கணக்கு எழுதியவனை இரண்டு வருடம் தடுத்தார்கள். விடுதியிலிருந்து அவன் மலைக்குக் கொண்டுவந்தது தாங்கும் சக்தியை அல்ல, அந்தக் கைகட்டி நிற்பதைத்தான்.

தம்பி, எட்டரை மணிக்குப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நீங்களும் அப்படித்தானே நிற்கிறீர்கள்? அவர் ஒரு எண் சொல்கிறார், “சரிங்க சார்” என்கிறீர்கள். அது நடக்காது என்று உங்களுக்கும் தெரியும், அநேகமாக அவருக்கும் தெரியும். ஒரே ஒரு நாள், “இந்த வாரம் இத்தனைதான் முடியும் சார், காரணம் இது” என்று சொல்லிப் பாருங்கள். வாயால் வராவிட்டால் முதல் நாள் இரவே எழுதி அனுப்பிவிடுங்கள். திட்டு விழும், விழட்டும். இத்தனை நாளும் திட்டு வாங்காமலா இருந்தீர்கள்?

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போயிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416-க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். வயிற்றுவலி என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள்.

வேலையை விடுவதைப் பற்றி நான் என்ன சொல்ல? வாடகை, கடன், வீட்டு நிலைமை எதையும் நீங்கள் எழுதவில்லை. ஒரு மாதம் வாய் திறந்து பேசிப் பார்த்துவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

தங்கை விஷயம்தான் எனக்கு மனதை உறுத்துகிறது. அப்பா என்ன நினைக்கிறார், அங்கே காலை எப்போது எழுப்புகிறார்கள், உங்களுக்கு என்ன வலி வந்தது, எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி இல்லை. அவளுக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்றாவது உங்கள் வீட்டில் யாருக்காவது தெரியுமா? அப்பாவுக்கு எதிரே அவளைப் பேசச் சொல்லாதீர்கள், தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். பள்ளியில் இடம் பிடிக்க முன்பணம் கட்டுவதற்குள் கேளுங்கள்.