ரம் ஊற்றியதும் சாக்லேட் இறுகுவது ஏன்?

கேள்வி: கிறிஸ்துமஸ் விருந்துக்கு ரம் டிரஃபிள் (ரம் கலந்த சாக்லேட் உருண்டை) செய்தேன். உருக்கிய சாக்லேட்டில் ரம் ஊற்றியதும் மணல் மணலாக இறுகிவிட்டது. ஏன்?

பதில்: ரம்மில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். வெறும் சாக்லேட்டில் கொஞ்சம் ஈரம் பட்டாலே சர்க்கரைத் துகள்கள் ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். அதனால் முதலில் கிரீம், பிறகே ரம்.

200 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்குங்கள். 80 மில்லி கிரீமைச் சூடாக்கி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கி அதன்மேல் ஊற்றுங்கள். 2 நிமிடம் தொடவே கூடாது. பிறகு நடுவிலிருந்து கிளறினால் பளபளவென்று வரும். 20 கிராம் வெண்ணெய் சேர்த்து, விரல் வைத்தால் சூடு தெரியாத பதத்தில் 30 மில்லி ரம்மை ஸ்பூன் ஸ்பூனாகக் கலக்குங்கள். அதற்கு மேல் ஊற்ற ஆசைப்படாதீர்கள், உருண்டை பிடிக்க வராது. எண்ணெய் பிரிந்து மிதந்தால் ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான பால் விட்டு அடியுங்கள், கூடிவரும்.

ஃபிரிட்ஜில் 3 மணி நேரம் வைத்து, உருட்டி, கோகோ பொடியில் புரட்டுங்கள். காம்பவுண்ட் சாக்லேட் (கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்தது) வேண்டாம், நாக்கில் மெழுகாக ஒட்டும்.

இறுகிப்போனதைக் கொட்டிவிடாதீர்கள். சூடான கிரீமைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறினால் ஐஸ்கிரீமுக்கு நல்ல சாஸ்.

ரம் இதில் கொதிப்பதில்லை, போதை அப்படியே இருக்கும். குழந்தைகள், கர்ப்பிணிகள், வண்டி ஓட்டிச் செல்பவர்களுக்கு ரம் இல்லாத தட்டு தனியாக வையுங்கள்.