ஜமக்காளக் கடையும் டிஜிட்டல் மார்க்கெட்டிங் படிப்பும்

பவானியிலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருக்கின்றன. பி.காம். முடித்த மகன், டிஜிட்டல் மார்க்கெட்டிங் படிக்கக் கோவைக்குப் போகிறேன் என்று நிற்கிறான். பெரிய தொகையைக் கட்டணமாகக் கேட்கிறார்கள், வேலை கிடைக்குமா என்பது முதல் கவலை. கடைக்காகச் செலவழித்து உருவாக்கிய இணையதளத்துக்குத் தினமும் ஆட்கள் வருவதாகக் கணக்குக் காட்டுகிறார்கள், ஆனால் ஒரு ஜமக்காளம்கூட விற்கவில்லை என்பது இரண்டாவது. இதைக் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனென்றால் உங்கள் மகன் படிக்க ஆசைப்படும் தொழிலின் வேலையே இந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான்.

உங்கள் தளத்துக்கு வருகிறவர்கள் யார்? 'ஜமக்காளத்தில் வடிகட்டிய பொய்' என்பதற்கு அர்த்தம் தேடும் பள்ளி மாணவன் வந்து போயிருக்கலாம். சங்கமேஸ்வரர் கோவில் நடை திறக்கும் நேரம் தேடியவர் வந்திருக்கலாம். கைத்தறி பற்றிக் கட்டுரை எழுதும் கல்லூரி மாணவி வந்திருக்கலாம். எண்ணிக்கையில் இவர்கள் எல்லோரும் வருகையாளர்கள்தான். ஆனால் ஒருவரும் பணம் எடுத்துக்கொண்டு வரவில்லை. தளத்தை உருவாக்கித் தந்தவர்கள் ஊர்ப் பெருமை, கோவில் வரலாறு என்று பக்கங்களை நிரப்பியிருந்தால் இப்படித்தான் நடக்கும். மாதம் ஆயிரம் பேர் வந்து ஒருவரும் வாங்காத தளத்தைவிட, எண்பது பேர் வந்து நான்கு பேர் விலை கேட்டுத் தொலைபேசியில் அழைக்கும் தளம் மேலானது.

வாங்க நினைப்பவர் தேடும் விதமே வேறு. 'கல்யாண மண்டபத்துக்கு ஜமக்காளம் மொத்த விலை' என்று தேடுகிறவர் ஒருவர். 'யோகா வகுப்புக்குப் பருத்தி விரிப்பு' என்று தேடுகிறவர் இன்னொருவர். மகள் திருமணச் சீருக்குப் பட்டுக்கரை வைத்த ஜமக்காளம் தேடுகிறவர் மூன்றாமவர். இவர்கள் மூவருக்கும் ஒரே முகப்புப் பக்கத்தைக் காட்டினால் மூவருமே திரும்பிப் போய்விடுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம் வேண்டும். அதில் எத்தனை அடிக்கு எத்தனை அடி, எவ்வளவு எடை, எப்படித் துவைப்பது, எத்தனை நாளில் வந்து சேரும், விலை என்ன என்பதெல்லாம் இருக்க வேண்டும். விலையை மறைத்து 'தொடர்புகொள்ளவும்' என்று மட்டும் எழுதும் பழக்கம் நம் கடைக்காரர்களை இன்னும் விடவில்லை. பக்கத்துக் கடைக்காரருக்கு விலை தெரிந்துவிடுமாம்! அவருக்கு அது ஏற்கெனவே தெரியும். தெரியாமல் இருப்பது வாங்க வருகிறவருக்குத்தான்.

உங்கள் சரக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. அதை என்னைவிட நன்றாக அறிந்தவர் நீங்கள். மகாராஷ்டிரத்துச் சோலாப்பூரின் விசைத்தறிச் சரக்கு, பவானி ஜமக்காளம் என்ற பெயரிலேயே குறைந்த விலையில் விற்கிறது. பவானி ஜமக்காளத்துக்கு 2005-06-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் குறைந்த விலையை மட்டும் தேடி வருகிறவருக்கு அது ஒரு பொருட்டில்லை. அவரை உங்கள் தளத்துக்கு இழுப்பதே வீண்செலவு. குழித்தறி என்ற கைத்தறியில் நெய்தது எது, விசைத்தறியில் வந்தது எது என்று பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி என்பதைப் படங்களோடு விளக்கும் ஒரு பக்கத்தை உங்கள் மகன் எழுதட்டும். அதைத் தேடிப் படிப்பவர், விலை சற்றுக் கூடினாலும் வாங்கக்கூடியவர்.

இனி ஊருக்குள் வருகிறவர்கள். ஆடிப்பெருக்குக்கும் ஆடி அமாவாசைக்கும் கூடுதுறைக்கு எவ்வளவு கூட்டம் வருகிறது! குளித்து, சாமி கும்பிட்டு, ஊர் திரும்புமுன் ஒரு ஜமக்காளம் வாங்கிப் போகலாம் என்று நினைப்பவர் கையில் இருப்பது கைப்பேசி. அவர் உங்கள் இணையதளத்தைத் தேட மாட்டார், வரைபடத்தில் கடையைத்தான் தேடுவார். கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்ற இலவச வசதியில் கடையைப் பதிவு செய்திருந்தால்தான் அங்கே தெரிவீர்கள். தேடியது நம் தொழிலோடு எவ்வளவு பொருந்துகிறது, தேடுபவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், கடை எவ்வளவு பெயர் பெற்றது ஆகிய மூன்றையும் வைத்துத்தான் கூகுள் அந்த வரிசையை அமைக்கிறது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. கடையின் வகையைச் சரியாகக் குறிப்பதும், திறந்திருக்கும் நேரத்தைப் பண்டிகை நாட்களில் திருத்துவதும், வாங்கியவரிடம் ஒரு வரி கருத்து எழுதச் சொல்வதும் நம் கையில் இருக்கின்றன. காசு கொடுத்துக் கருத்து எழுத வைக்க வேண்டாம். அது விதிமீறல், கண்டுபிடித்தால் நீக்கிவிடுவார்கள்.

விளம்பரம் கடைசியாக வர வேண்டியது. கூகுள் தேடல் விளம்பரத்தில் ஒருவர் சொடுக்கினால்தான் பணம் போகும். ஒரு பேச்சுக்கு, ஒரு சொடுக்குக்கு 8 ரூபாய் என்று வையுங்கள். நூறு பேர் சொடுக்கினால் 800 ரூபாய். அதில் இரண்டு பேர் வாங்கினால் ஒரு விற்பனைக்கு 400 ரூபாய் விளம்பரச் செலவு. ஒரு ஜமக்காளத்தில் உங்களுக்கு நிற்பது 250 ரூபாய்தான் என்றால், விற்க விற்க நஷ்டம். அதே விளம்பரத்தை மண்டபக்காரர்களின் மொத்தக் கொள்முதலுக்கு மட்டும் திருப்பினால் கணக்கு மாறிவிடும். 'இலவசம்', 'பிளாஸ்டிக் பாய்', 'வேலைவாய்ப்பு' போன்ற சொற்களோடு தேடுகிறவர்களுக்கு விளம்பரம் போகாமல் தடுக்கவும் வழி இருக்கிறது. பி.காம். படித்தவனுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. கூகுள் விளம்பரக் கணக்கை இயக்கத் தெரிந்த பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். லாபத்தில் எவ்வளவு விளம்பரத்துக்குப் போகலாம் என்று முதலாளியிடம் எடுத்துச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. ஆகவே, பி.காம். வீணாகிவிட்டதே என்ற வருத்தத்தை விட்டுவிடுங்கள்.

இப்போது படிப்புக்கு வருகிறேன். இந்தத் துறையில் வேலை இருக்கிறது. விளம்பர ஏஜென்சிகளிலும், ஏற்றுமதி நிறுவனங்களிலும், மருத்துவமனைகளிலும், நகைக்கடைகளிலும் ஆள் எடுக்கிறார்கள். தொடக்கச் சம்பளம் உங்களை மகிழ்விக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவு வந்தபின் ஒரு பகுதி வேலை சுருங்கியும் வருகிறது. அர்த்தம் என்ன, வரலாறு என்ன என்ற கேள்விகளுக்குக் கூகுள் தேடல் பக்கத்தின் உச்சியிலேயே பதில் கொடுத்துவிடுகிறது. இந்தியாவில் இந்த வசதி 2024 ஆகஸ்டில் வந்தது. பக்கத்தை நிரப்பக் கட்டுரை எழுதித் தருவதை மட்டுமே நம்பி இந்தத் துறைக்குள் போகிறவனை நான் தடுப்பேன். வாடிக்கையாளரைப் புரிந்துகொண்டு, கணக்கும் பார்ப்பவனைத் தடுக்க மாட்டேன்.

அந்தப் பயிற்சி மையத்தின் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். அதில், தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுளின் பழைய கருவியான யுனிவர்சல் அனலிடிக்ஸ் இன்னும் இருந்தால் அங்கே பணம் கட்டாதீர்கள். அந்தக் கருவி 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு தரவு சேர்ப்பதை நிறுத்திவிட்டது. அதன் இடத்தில் இருப்பது கூகுள் அனலிடிக்ஸ் 4, சுருக்கமாக ஜிஏ4. கூகுள் பிசினஸ் புரொஃபைலுக்குக் கூகுள் மை பிசினஸ் என்ற பழைய பெயரிலேயே பாடம் இருந்தாலும் யோசியுங்கள். 2021-லேயே அந்தப் பெயர் மாறிவிட்டது. பிறகு நேரில் போய் ஒரு கேள்வி கேளுங்கள்: உண்மையான கடையின் விளம்பரக் கணக்கை, உண்மையான பணத்தோடு, மாணவன் கையில் தருவீர்களா? 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்று பதில் வந்தால், முன்பு சொன்ன ஜமக்காளப் பழமொழியை நினைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அடிப்படையைக் காசு கொடுக்காமலே கற்கலாம். கூகுளின் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில் பாடமும் தேர்வும் இலவசம். அந்தச் சான்றிதழ் ஓராண்டுக்குச் செல்லும். ஜிஏ4 பழக, கூகுளே தன் பொருட்களை விற்கும் கடையின் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறது. வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதைப் படிப்பு என்று மட்டும் மகன் ஏமாந்துவிடக் கூடாது.

ஆகவே நான் சொல்வது இதுதான். கட்டணம் கட்டுவதை மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். கடைத் தளத்தின் சாவியை, அதாவது கடவுச்சொற்களை எல்லாம், தளத்தை உருவாக்கியவர்களிடமிருந்து வாங்கி மகனிடம் கொடுங்கள். சிலர் இழுத்தடிப்பார்கள், தளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று அப்போதே பார்த்துவிடுங்கள். தளத்தை, கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் அவன் இணைக்கட்டும். எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு உங்கள் தளம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதைப் பதினாறு மாதம் வரை அது சேர்த்து வைக்கும். அந்தப் பட்டியலில் வாங்க வந்தவர்கள் யார், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் யார் என்று அவன் பிரிக்கட்டும். இரண்டு பக்கங்களைத் திருத்தி எழுதட்டும். விளம்பரத்துக்கு நீங்கள் இழக்கத் தயாரான ஒரு சிறு தொகையைக் கொடுங்கள். மளிகைக் கணக்கைப் போல வாரந்தோறும் அதற்குக் கணக்குக் கேளுங்கள். அந்த நாட்களில் 'இன்னும் விற்கவில்லையா' என்று தினமும் கேட்காதிருப்பது உங்கள் பங்கு. தேடல் முடிவுகளில் ஒரு மாற்றம் தெரியவே வாரக் கணக்கில் ஆகும்.

மூன்று மாதம் முடிந்ததும் அவனுக்கு இதில் சலிப்புத் தட்டியிருந்தால் கட்டணம் மிச்சம். ஆர்வம் கூடியிருந்தால், கோவைக்கு நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழோடு ஒரு கடையின் உண்மையான கணக்கும் கையில் இருக்கும். அப்போதும் அந்தப் பயிற்சி மையத்தில் சேரத்தான் வேண்டுமா என்பதை நீங்கள், மகன், நான் என மூவருமாக உட்கார்ந்து முடிவு செய்யலாம். வரும்போது சர்ச் கன்சோல் பட்டியலை அச்செடுத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அவன் தன் கையால் குறிப்பு எழுதியிருக்க வேண்டும்.