முழு நைட் முடிந்து வந்தால் தூக்கமும் இல்லை, பொறுமையும் இல்லை

கேள்வி: வணக்கமுங்க டாக்டர். எனக்கு வயது 38. பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில் 14 வருசமாகச் சைடு பார்க்கிறேன், அதாவது நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷினைக் கவனிக்கிற வேலை. வாரம் ஒரு ஷிப்ட் மாறும். டே ஷிப்ட் முடிந்தால் அடுத்த வாரம் முழு நைட், அப்புறம் அரை நைட், திரும்ப டே. ஆறேழு மாதமாக முழு நைட் முடிந்து வந்து படுத்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் நிற்பதில்லை. சம்சாரம் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவாள். போன வாரம் குக்கர் விசில் சத்தத்தில் விழித்து, அம்மாவிடமும் ஒன்றாவது படிக்கிற பாப்பாவிடமும் கத்திவிட்டேன். பாப்பா இப்போது என் பக்கத்தில் வரவே யோசிக்கிறாள். கூட வேலை செய்கிறவர் கொடுத்த தூக்க மாத்திரை இரண்டு முறை போட்டேன். சில நாள் ஒரு கட்டிங்கும் உண்டு. எனக்கு மனசு கெட்டுப்போய்விட்டதா? மாத்திரையைத் தொடரலாமா?

பதில்: மனசு கெட்டுப்போகவில்லைங்க. அடுத்தவர் மாத்திரை வேண்டாம். கட்டிங்கோடு சேர்த்து ஒருபோதும் வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். தனியாகக் குடித்தாலும் சாராயம் சீக்கிரம் கண்ணை மூட வைக்குமே தவிர, பாதியில் எழுப்பிவிடும். நீங்கள் சொல்லும் அந்த இரண்டு மணி நேரத்தில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி: டே, முழு நைட், அரை நைட். அதாவது காலை எட்டு மணி, நள்ளிரவு பன்னிரண்டு மணி, சாயங்காலம் நாலு மணி. ஒவ்வொரு வாரமும் வேலை தொடங்கும் நேரம் முந்தைய வாரத்தைவிட எட்டு மணி நேரம் முன்னால் வருகிறது. நம் மூளைக்குள் இருக்கும் கடிகாரம் சரியாக 24 மணி நேரம் ஓடுவதில்லை. சராசரியாகப் பத்து நிமிடம் போலக் கூடுதலாக ஓடும். அதனால்தான் இரண்டாம் ஆட்டம் படம் பார்த்துவிட்டு ஒரு மணிக்குப் படுப்பது சுலபம், சாயங்காலம் ஏழு மணிக்கே படு என்றால் புரண்டுகொண்டு கிடப்போம். உடம்பு தள்ளிப்போட ஒத்துக்கொள்ளும், முன்னால் இழுத்தால் முரண்டு பிடிக்கும்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு தாது உப்பு ஆலையில் இதைச் சோதித்தார்கள். முடிவு 1982இல் வெளியானது. அங்கேயும் உங்கள் மில் போலத்தான் வாரா வாரம் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. டே, அரை நைட், முழு நைட் என்று திசையை மாற்றி, ஒரே ஷிப்டில் மூன்று வாரம் இருக்கவிட்டபோது ஆட்களுக்கு நிம்மதி கூடியது, வேலையை விட்டுப் போவது குறைந்தது, உற்பத்தியும் ஏறியது. மேனேஜரிடம் பேசும்போது அந்தக் கடைசி விஷயத்தை முதலில் சொல்லுங்கள். தனியாகப் போகாமல் உங்கள் ஷிப்ட்காரர்கள் நாலைந்து பேரும் மேஸ்திரியும் சேர்ந்து போவது நல்லது. ஆள் கூட்டவோ சம்பளம் கூட்டவோ நீங்கள் கேட்கவில்லை, சார்ட்டில் வரிசையை மாற்றத்தான் கேட்கிறீர்கள்.

இது மனசுக்கும் மருந்துதான். வேலைப் பளு மட்டும் ஆளை உடைப்பதில்லை. பளு அதிகமாக இருந்து, தன் கையில் எதுவும் இல்லாதபோதுதான் உடைகிறோம் என்று வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979இல் எழுதினார். ரிங் ஃபிரேமில் நிற்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம். இழை அறுந்தால் அந்த நொடியே ஒட்ட வேண்டும், டீ குடிக்கப் போகவும் மாற்று ஆள் வர வேண்டும். அந்த இறுக்கம்தான் வீட்டில் குக்கர் விசிலில் வெடிக்கிறது.

சமாளிப்பதில் இரண்டு வகை உண்டு என்பார்கள் மனநல ஆய்வாளர்கள்: பிரச்சினையைத் தொடுவது ஒன்று, அது தரும் வேதனையை ஆற்றுவது இன்னொன்று. கட்டிங் இரண்டாவது வகை, அதிலும் மோசமான ரகம். பாப்பாவை மடியில் உட்கார வைத்து, "அப்பா தூக்கம் இல்லாம கத்திட்டேன் சாமி, உன் மேல தப்பில்ல" என்று சொல்வதும் இரண்டாவது வகைதான், ஆனால் நல்ல ரகம். அதை இன்றைக்கே செய்யுங்கள்.

இனி தூக்கம். எட்டு மணிக்கு ஷிப்ட் விட்டதும் வெயிலை முகத்தில் வாங்காமல் கறுப்புக் கண்ணாடி போட்டு வாருங்கள். வெளிச்சம் பட்டால் மூளை விடிந்துவிட்டது என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆனால் வண்டி ஓட்டும்போதே கண் சொக்கினால் கண்ணாடி கூடாது, வண்டியும் கூடாது, மில் வண்டியிலோ பஸ்ஸிலோ வாருங்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவர் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரைப் போலத் தடுமாறுகிறார் என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. நம் சட்டம் வண்டி ஓட்ட விடுவது 0.03 வரைதான். நானே பயிற்சி மருத்துவராக இருந்தபோது இரவு டூட்டி முடிந்து ஸ்கூட்டரில் வந்து, சூலூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியோடு சாய்ந்திருக்கிறேன். முழங்கை சிராய்ப்போடு போனது.

கடைசி டீ இரவு மூன்று மணிக்கு. வீட்டுக்கு வந்து கொஞ்சம் கம்மங்கூழோ இட்லியோ போதும், அரிசியும் பருப்பும் நெய்யும் சாயங்காலத்துக்கு இருக்கட்டும். ஒன்பது மணிக்குப் படுத்து இரண்டு மணி வரை. அது முழுதாகக் கிடைக்காவிட்டால், இரவு எட்டரையிலிருந்து பத்தரை வரை இன்னொரு தூக்கம். பகலில் விட்டதை இப்படிப் பிரித்துப் பிடிப்பதில் தப்பே இல்லை. சிமெண்ட் ஷீட் வீடு என்றால் சன்னலுக்குக் கெட்டியான துணி, தலைக்கு மேல் ஃபேன், காதில் பஞ்சு (உங்களுக்குப் பஞ்சுக்கா பஞ்சம்!). அம்மாவிடம் குக்கரை மட்டும் ஒன்பதுக்கு முன் வைக்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, அழுகை வருகிறது, செத்துப்போகலாமா என்று தோன்றுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, காசில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், முழு நைட் இடைவேளையில்கூட. பெரிதாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறது என்று சம்சாரம் சொன்னால் அது தனி நோய், டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

பிபி, சுகர், தைராய்டு மூன்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிகளைக் காலையில்தான் பார்ப்பார்கள் என்பதால் அரை நைட் வாரத்தில் போங்கள். மற்ற இரண்டு வாரமும் அந்த நேரத்தில் மில்லில் இருப்பீர்கள், இல்லை தூங்கிக்கொண்டிருக்க வேண்டும்.