2012 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான குடியரசுக் கட்சி வேட்பாளர் போட்டியில் முன்னிலை ஏன் மாறிக்கொண்டே இருந்தது? பொருளாதார விவாதம்தான் காரணமா?

பாதிக் காரணம் என்பேன். அமெரிக்காவில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் வெவ்வேறு நாள்களில் வாக்களிக்கின்றன. ஒரு மாநிலத்தின் முடிவு அடுத்த மாநிலத்தில் செய்தியாகவும் நன்கொடையாகவும் மாறுகிறது. அந்த ஜனவரி 3 அன்று அயோவா மாநிலத்தில் போட்டியாளர் மிட் ராம்னி 8 வாக்குகளில் முந்தியதாக அறிவித்தார்கள். இறுதி எண்ணிக்கையில் 34 வாக்குகள் முன்னால் இருந்தவர் இன்னொரு போட்டியாளரான ரிக் சான்டோரம்! அது வெளிவருவதற்குள் ராம்னி நியூ ஹாம்ப்ஷயரையும் வென்றுவிட்டார். சான்டோரமுக்கு அந்தச் செய்தியால் பெரிய பயனில்லை.

பொருளாதாரம் சூடுபிடித்தது தெற்குக் கரோலினாவில். ராம்னி நடத்திய பெய்ன் கேபிடல் முதலீட்டு நிறுவனம் ஆலைகளை வாங்கி, ஆள்குறைப்புச் செய்து லாபம் பார்த்தது என்று மற்றொரு போட்டியாளரான நியூட் கிங்ரிச் தரப்பு தாக்கியது. தடையற்ற சந்தையைப் போற்றும் கட்சிக்குள்ளிருந்தே இப்படியொரு குற்றச்சாட்டு வந்ததுதான் வேடிக்கை. வருமான வரிக் கணக்கை வெளியிடுவீர்களா என்று விவாத மேடையில் கேட்டபோது ராம்னி தடுமாறினார். ஜனவரி 21 அன்று கிங்ரிச் சுமார் 40 சதவீதம் பெற்று வென்றார். தன் முன்னாள் மனைவி பற்றிய கேள்விக்கு விவாத நெறியாளர் மீதே அவர் பாய்ந்ததும் கூட்டத்துக்குப் பிடித்திருந்தது. வரியை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

சில நாள்களில் ராம்னி கணக்கை வெளியிட்டார். பெரும்பகுதி முதலீட்டு வருமானம் என்பதால் 2010இல் அவர் கட்டிய வரி சுமார் 14 சதவீதம். இருந்தும் தெற்குக் கரோலினா தோல்விக்குப் பிறகு பத்தே நாளில் ஃபுளோரிடாவை எளிதாக வென்றார். விளம்பரப் பணம் பேசியது. அந்த ஆண்டு அங்கே முதலிடம் பெறுபவருக்கே, கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் 50 பிரதிநிதிகளும் போய்ச்சேர்வது விதியாக இருந்தது.