தோள் அஞ்சு தடவ எறங்கிடுச்சு: தையலா, எலும்பு ஆபரேஷனா?

பெரம்பூர்ல இருந்து 24 வயசு தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார். கபடி ஆடும்போது வலது தோள் எறங்கிச்சாம், அதாவது மூட்டு குழிய விட்டு நழுவி வெளிய வந்துடுச்சாம், ரெண்டு வருஷத்துல அஞ்சு தடவ ஆயிடுச்சு, கடைசியா மின்சார ரயில்ல மேல கம்பிய பிடிக்க கைய தூக்கினப்போ. ஒரு டாக்டர் கீஹோல்ல, அதாவது சின்ன துளை போட்டு கேமரா விட்டு, தைச்சா போதும்ங்கறார், இன்னொருத்தர் எலும்ப வெட்டி வச்சு ஸ்க்ரூ போடணும்ங்கறார். தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் பேக்கேஜ்ல முடிச்சுத் தரேங்கறார், அம்மா நாட்டுக்கட்டு போட்டா போதும்ங்கறாங்க. நடுவுல போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கார், "மூணாவது தடவ தூக்கத்துலயே எறங்கிடுச்சு"ன்னு. அதுக்கு அப்புறம் வரேன்.

அம்மா விஷயத்த மொதல்ல முடிச்சுடுவோம். தம்பி, உங்களுக்கு இப்போ எதுவும் வெளிய இல்ல, மூட்டு உள்ளதான் உக்காந்திருக்கு, அப்புறம் கட்டு எதுக்கு? அடுத்த தடவ எறங்கினா கிரவுண்ட்ல நாலு பேர் பிடிச்சு இழுக்கறது, எண்ணெய் போட்டு நீவறது ரெண்டும் வேணாம், பக்கத்துல எந்த கேஷுவாலிட்டி இருக்கோ அங்க போய் எக்ஸ்ரே எடுத்துட்டு போடச் சொல்லுங்க, கைய தூக்க வைக்கற நரம்பு அந்த மூட்டச் சுத்திதான் ஓடுது.

இப்ப உங்க கேள்வி. தோள் மூட்டுல இருக்கற குழி ரொம்ப ஆழம் கெடையாது, டீ சாஸர் மேல எலுமிச்சம்பழம் வச்ச மாதிரி. அந்தக் குழி தளம்னா, ஓரத்துல இருக்கற குருத்தெலும்பு வளையம் மொட்டை மாடி கைப்பிடிச் சுவர். மொத தடவ எறங்கும்போது முன்பக்கச் சுவர் பேந்துக்குது. சுவர் மட்டும்தான் போச்சுன்னா கீஹோல்ல உள்ள போய் மூணு நாலு ஆங்கர் (நூல் கோத்த குட்டி ஆணி) எலும்புல அடிச்சு திரும்ப தைச்சுடலாம், இதுக்குப் பேர் பேங்கார்ட் ரிப்பேர். ஆனா ஒவ்வொரு தடவ எறங்கும்போதும் தளத்தோட ஓரமும் கொஞ்சம் கொஞ்சமா தேயும், ஒடஞ்ச தளத்து மேல சுவர் எழுப்பினா எத்தன நாள் நிக்கும்? அங்கதான் ரெண்டாவது டாக்டர் சொன்னது, லாட்டார்ஜே. தோளுக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கற ஒரு சின்ன எலும்ப அதோட தசையோடயே வெட்டி, தேஞ்ச எடத்துல வச்சு ரெண்டு ஸ்க்ரூ. 1954-லயே ஒரு பிரெஞ்சு டாக்டர் சொன்னது, புது டெக்னாலஜின்னு யாராவது வித்தா நம்பாதீங்க.

கணக்கு சுமாரா இப்படி: 20–25 சதவீதத்துக்கு மேல தேஞ்சிருந்தா தையல் தாங்காது, எலும்புதான். 10-க்குள்ளன்னா தையல் போதும். நடுவுல இருந்தா நீங்க என்ன ஆடறீங்கங்கறது முக்கியம், திரும்ப கபடி ஆடப்போறேன்னா எலும்புப் பக்கம்தான் சாயுவேன். பந்து பக்கம், அதான் குழியில உக்கார்ற கை எலும்போட உருண்ட தலையில, பெரிய பள்ளம் விழுந்திருந்தா, கீஹோல்லயே பின்பக்க தசைநார அதுல இழுத்து தைப்பாங்க. வெறும் பிசியோ? அஞ்சு தடவ எறங்கின 24 வயசுக்காரருக்கு அது மட்டும் போதாது, அவ்ளோதான்.

அதனால ரெண்டு டாக்டர்ல யார் சரின்னு இப்போ என்னாலயும் சொல்ல முடியாது, ஏன்னா உங்ககிட்ட இருக்கறது ரெண்டாவது தடவ எறங்கினப்போ எடுத்த எம்.ஆர்.ஐ. அதுக்கப்புறம் மூணு தடவ எறங்கியிருக்கு. எலும்பு எவ்ளோ போச்சுன்னு அளக்க 3டி சிடி ஸ்கேன் வேணும், ரெண்டு தோளையும் சேர்த்து.

இதனாலதான் அந்த பேக்கேஜ் அண்ணன் மேல எனக்குக் கோவம். சிடியே எடுக்கல, அவருக்கு மட்டும் எப்படி ரேட்டு தெரியும்? அவர் கூட்டிட்டுப் போற எடத்துல எந்த ஆபரேஷன் பண்றாங்களோ அதுதான் உங்க வியாதின்னு ஆயிடும். உள்ள போனப்புறம் "ஆங்கர் தனி, இம்போர்டட்னா இன்னும் தனி"ம்பாங்க, பிசியோ பேக்கேஜ்லயே இருக்காது. என்கிட்ட வந்த ஒருத்தருக்கு பில்லுல ஆறு ஆங்கர், படத்துல எண்ணினா நாலு. டைட்டானியமா, கரையறதாங்கறதெல்லாம் அப்புறம், ஒவ்வொரு ஆங்கர் பாக்கெட்லயும் நம்பர் போட்ட ஸ்டிக்கர் இருக்கும், அது கேஸ் ஷீட்ல ஒட்டணும், அதோட காப்பிய கேட்டு வாங்குங்க. ஆபரேஷன் பண்ணப்போற டாக்டர நேர்ல பாக்காம அட்வான்ஸ் கட்டாதீங்க.

முதலமைச்சர் காப்பீட்டு கார்டு எடுத்துத் தரேன்னு காசு கேக்கறவங்க இன்னொரு ரகம். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ளன்னா விஏஓ கிட்ட வருமானச் சான்று வாங்கி கலெக்டர் ஆபீஸ்ல நீங்களே பதியலாம், இலவசம். சென்ட்ரல் எதிர்ல ஜிஎச்லயும் ஸ்டான்லிலயும் கீஹோல் பண்றாங்க, க்யூ இருக்கும், பொறுக்கணும். பிரைவேட் இன்ஷூரன்ஸ்னா கதையே வேற, அஞ்சு தடவ எறங்கினவருக்கு "ஏன் பிசியோ மட்டும் பண்ணல"ன்னு அவங்க கேக்கற கேள்விக்கு பதில் எழுதியே எனக்கு பாதி ஓபி நேரம் போகுது.

சரி, அந்தத் தூக்கம். எலும்பு ரொம்ப தேஞ்சிருந்தா கைய தலைக்கு மேல வச்சுப் படுத்தாலே எறங்கும், அது ஒண்ணு. இன்னொண்ணு ஃபிட்ஸ். ராத்திரி தூக்கத்துல வலிப்பு வந்தா தசையெல்லாம் இழுக்கற இழுப்புல தோள் வெளிய வந்துடும், காலைல உங்களுக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காது. பக்கத்துல படுக்கறவர கேளுங்க: கை கால் வெட்டி வெட்டி இழுத்துச்சா, வாயில சத்தம் வந்துச்சா? காலைல நாக்கு கடிபட்டிருந்துச்சா, படுக்கை நனஞ்சுதா? ஆமான்னா மொதல்ல நரம்பு டாக்டர், அப்புறம்தான் நாங்க. ஒரு இஇஜி (மூளையோட மின் அலைய பாக்கற டெஸ்ட்) நார்மல்னு வந்தாலும் அத மட்டும் வச்சு வலிப்பு இல்லன்னு சொல்ல முடியாது. கல்யாணம் பேசறாங்கன்னு இத மறைச்சு ஆபரேஷன் பண்ணிக்கறாங்க, அப்புறம் ஒரு ராத்திரி ஃபிட்ஸ் வருது, தையல் பிச்சுக்குது, ஸ்க்ரூவே வளைஞ்சு போய் வராங்க. மாத்திரை பிடிச்சு வலிப்பு அடங்கின பிறகு பண்ணினாதான் எந்த ஆபரேஷனும் நிக்கும்.

எது பண்ணினாலும் மூணு நாலு வாரம் கை தூளியில, கபடிக்கு அஞ்சாறு மாசம். அதுவரைக்கும் ரயில்ல மேல் கம்பி வேணாம் தம்பி, கதவுப்பக்கம் நிக்காம உள்ள போய் இடுப்பு உயரத்துல எதையாவது இடது கையால பிடிச்சுக்கோங்க. சிடி எடுத்துட்டு, வீட்ல கேட்டுட்டு எழுதுங்க.