முனைப்பற்றவர் என்று யாரைச் சொல்லலாம்?

கேள்வி: இப்போது பார்க்கும் வேலையே நிறைவாக இருப்பதால், தேடி வந்த பதவி உயர்வை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் என் மேலாளர், ‘குறித்த நாளுக்கு முன்பே பணியை முடிப்பவர், புதியவர்களுக்குப் பொறுமையாகக் கற்றுத் தருபவர், ஆனால் முனைப்பற்றவர்’ என்று எழுதியிருக்கிறார். இந்தச் சொல் எனக்குப் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. அந்த வரியின் முதல் இரண்டு பகுதிகளே மூன்றாவதை மறுக்கின்றன.

எடுத்த காரியத்தில் ஒருவர் காட்டும் தீவிர ஈடுபாட்டைத்தான் முனைப்பு என்கிறோம். மீட்புப் பணியில் வீரர்கள் முனைப்புடன் ஈடுபட்டனர் என்று செய்தியில் படிக்கும்போது, அவர்கள் எந்தப் பதவியை எதிர்பார்த்து அப்படி உழைத்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. செய்யும் வேலையைச் சுட்டும் சொல்லை, அடைய விரும்பாத நாற்காலிக்குப் பொருத்திப் பார்த்ததில்தான் பிழை நேர்ந்திருக்கிறது. மேலே போக வேண்டும் என்ற வேட்கையைக் குறிக்கப் பதவியாசை என்ற சொல் இருக்கிறது. அது இல்லாதவரைத் தமிழில் யாரும் குறை சொல்வதில்லை. இன்னும் சொல்லப்போனால், முன்னால் ‘தன்’ சேர்ந்து தன்முனைப்பு என்றாகிவிட்டால் பொருள் அகந்தையாகிவிடுகிறது. அது அற்றவர் என்பது பாராட்டு.

திருக்குறள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை ஆகிய 60, 61, 62ஆம் அதிகாரங்களில் முயற்சியை வலியுறுத்தும் அதே நூல், 37ஆம் அதிகாரத்தில் அவாவை அறுக்கச் சொல்கிறது. கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலம் என்று 605ஆம் குறள் நான்கைச் சொல்கிறது: காலம் தாழ்த்துதல், மறதி, சோம்பல், அளவுமீறிய தூக்கம். உயர்பதவியை விரும்பாமை அந்த நான்கில் இல்லை. குறித்த நாளுக்கு முன்பே பணியை முடிக்கும் உங்களிடம் முதலாவதும் இல்லை.

சொல்லின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். ‘இந்தப் பணியில் முனைப்புக் காட்டவில்லை’ என்றால் அது ஒரு செயலைப் பற்றிய குறிப்பு, நாளை மாறக்கூடியது. ‘முனைப்பற்றவர்’ என்றாலோ அது ஆளின் இயல்பைப் பற்றிய தீர்ப்பு. அறிக்கையைப் பின்னாளில் புரட்டுகிறவர், நீங்கள் பதவி உயர்வை மறுத்த செய்தி தெரியாமலே, உங்களைச் சோம்பேறி என்று எண்ணிக்கொள்வார். மெத்தனம், அசிரத்தை போன்ற சொற்களுக்கும் இதே ஆபத்து உண்டு என்பதால், மதிப்பீடு எழுதுவோர் ஆளைச் சுட்டாமல் செயலைச் சுட்டி எழுதுவதே நியாயம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பொறுப்புக்கு அஞ்சி நீங்கள் மறுத்திருந்தால்கூட அதைத் தயக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே மேலாளரிடம் வருத்தத்தைச் சொல்லி வாதிடுவதை விட, மாற்று வாசகத்தையே எழுதிக் கொடுங்கள்: ‘தற்போதைய பொறுப்பிலேயே தொடர விரும்புகிறார்.’ நடந்தது அதுதான் என்பதால், அவர் அதை மறுப்பது கடினம்.